கீழ்ப்பாதையால் போனவர்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டு மாதக்கணக்காகிறது. வழக்கம்போல் சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன். கனடாவில், ஸ்காபரோவில் இங்கிலிஷ் சேர் காலமான செய்தி வந்த பிறகு அது சரிவரவில்லை. எந்தச் சேர் என்று விளக்கத் தேவையில்லை. மத்தியான மணிக்குப் பிந்திய பாடம் என்றால் போதும், இப்போதும் காதைத் தடவிப் பார்க்கிற பல பேர் இதை வாசிப்பீர்கள்.

நான் இருப்பது ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில். ஆகவே சேரை நினைத்தால் அவர் வெள்ளிக்கிழமைகளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மேசையில் தாளம் தட்டிப் படிப்பித்த 'லொக் லோமண்ட்' என்ற ஸ்கொட்லாந்து ஏரிப் பாட்டுத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜன்னல் கம்பி அதிரக் கத்துவோம். பக்கத்து வகுப்புக் கணக்கு மாஸ்ரர் வந்து வாசலில் நின்று முறைப்பார். நீ மேல் வீதியால் போ, நான் கீழ் வீதியால் போகிறேன், உனக்கு முன்னே நான் ஸ்கொட்லாந்து போய்ச் சேர்ந்துவிடுவேன், ஆனால் நானும் என் காதலியும் அந்த ஏரிக்கரையில் இனிச் சந்திக்கப் போவதில்லை என்பது பல்லவியின் சாரம்.

ஒருநாள் சேர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கீழ் வீதியால் போகிறவன் எப்படி முந்துகிறான்?"

வகுப்பில் ஒரு சத்தமில்லை. நான் எழும்பினேன். "மேல் வீதி மலையைச் சுற்றிக்கொண்டு போகும் சேர். கீழ் வீதி மட்டமான றோட்டு. பஸ் இழுத்துக்கொண்டு ஓடும்."

"அப்ப முந்திப் போனவன் ஏன் காதலியைச் சந்திக்கேல்லை?"

"அவவுக்கு பஸ் கிடைச்சிராது சேர்."

வகுப்பு சிரித்தது பரவாயில்லை. அடுத்த நாள் காலை, பிரேயர் ஹோலில் அதிபர் இருக்க, முழுக் கல்லூரியும் இருக்க, "எங்களிடம் இ.போ.ச. பஸ் டிப்போவுக்குப் பொறுப்பதிகாரி ஒருவர் உருவாகிக்கொண்டிருக்கிறார், எழும்பி நில்லும் ஐசே" என்றார் சேர். நின்றேன். அன்றிலிருந்து நான் டிப்போ. ஓ.எல். எழுதினது டிப்போ, ஏ.எல். எழுதினது டிப்போ. ரொறொன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் நண்பன் ஒருத்தன் தன் மனைவிக்கு என்னை அறிமுகம் செய்ததும் டிப்போ என்றுதான். அந்த மனிசி கடைசிவரை என்னை 'டிப்போ அண்ணை' என்றே கூப்பிட்டா.

எனக்கு எரிச்சல் பெயரில் இல்லை. சரியான பதிலைச் சேர் சொல்லவேயில்லை என்பதில்தான். கேட்டதற்கு, "போய்ப் பார்த்துச் சொல்லடா" என்றார். ஸ்கொட்லாந்து என்ன, சுன்னாகமா?

வந்துதான் சேர்ந்தேன். பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்த காலத்தில் கூட வேலை செய்த ஒருவரின் மகளுக்குக் கலியாணம். அங்கே கலியாணக் கொண்டாட்டம் பெரும்பாலும் இந்தப் பாட்டோடுதான் முடியும், ரன்ரிக் குழு பாடிய வேகமான மெட்டில். மாப்பிள்ளை பெண்ணை நடுவில் விட்டு எல்லாரும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். பல்லவி வந்ததும் வட்டம் உள்ளே பாயும், பிறகு பின்னுக்கு வரும். கில்ட் என்ற ஸ்கொட்லாந்து ஆண்கள் பாவாடை கட்டின கிழவர்கள்கூடப் பாய்வார்கள். பல்லவிக்கு மண்டபம் இடிந்தது. சரணம் வந்ததும் பாதிப்பேர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். நான் சேர் தட்டின தாளத்தில் மூன்று சரணத்தையும் பிசகாமல் பாடினேன். பக்கத்தில் நின்ற, மணப்பெண்ணின் தாத்தா, வாயைப் பிளந்தார். அப்புறம் மேசைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். பஸ் கதையை நான் எடுக்கவில்லை.

அவர் சொன்னது இது. தூர தேசத்தில் செத்தவனின் ஆவியை நிலத்துக்கு அடியில் வாழும் மாயமனிதர்கள் தங்கள் பாதையால் ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அதுதான் கீழ் வீதி. உயிரோடு இருப்பவன் மேல் வீதியால், மலையும் ஆறும் தாண்டி நடக்கவேண்டும். கார்லைல் கோட்டைச் சிறையில் இரண்டு ஸ்கொட்லாந்துப் போராளிகள். ஒருவனுக்கு விடுதலை, மற்றவனுக்கு விடிந்தால் தூக்கு. பாடுகிறவன் தூக்குக்குப் போகிறவன். அதனால்தான் அவன் முந்துகிறான், அதனால்தான் காதலியைச் சந்திக்க மாட்டான்.

கார்லைல் கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் சொச்சம், எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில். போய்ப் பார்த்தேன். நிலவறையில் 'நக்கும் கற்கள்' என்று காட்டுகிறார்கள். தண்ணீர் கொடுக்காமல் அடைத்துவைத்த கைதிகள் சுவரில் கசிந்த ஈரத்தை நக்கி நக்கிக் கல் குழிந்துவிட்டதாம். விரலை வைத்துப் பார்த்தேன். குழி வழுவழுவென்று, நாக்கின் அகலத்துக்கு இருந்தது. பாட்டில் வரும் சூரிய வெளிச்சமும் ஏரிக்கரையும் அதற்குப் பிறகு எனக்கு வேறுமாதிரித்தான் கேட்கின்றன.

கதையின் பின்னணி இது. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துச் சார்ள்ஸ் எட்வேர்ட் ஸ்டூவர்ட் தன் தகப்பனுக்குப் பிரித்தானிய அரியணை கேட்டு 1745 ஓகஸ்டில் கிளென்ஃபினனில் கொடியேற்றினான். இங்கிலாந்துக்குள் டார்பி வரை போய், டிசம்பரில் திரும்பினான். திரும்பும் வழியில் ஏறக்குறைய 400 பேரைக் கார்லைலில் காவலுக்கு விட்டுவிட்டு அவன் வடக்கே போய்விட்டான். அரச படையோடு துரத்திவந்த கம்பர்லாந்துக் கோமகன் பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் டிசம்பர் 30ஆம் திகதி அவர்கள் சரணடைந்தார்கள். 1746 ஏப்ரலில் கலோடன் சண்டையில் சார்ள்ஸ் தோற்று எல்லாம் முடிந்தது. சிறைகள் நிரம்பி வழிந்தன. எல்லாரையும் விசாரிக்க முடியாது என்று சாதாரணக் கைதிகளிடையே சீட்டுக் குலுக்கினார்கள். 20 பேருக்கு ஒருவன் வழக்குக்கு, மிச்சப் பேரில் பலர் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு. ஒருவனுக்கு வாழ்வு ஒருவனுக்குச் சாவு என்ற கதை இந்தக் குலுக்கலிலிருந்துதான் பிறந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். இன்னொரு கதையில் தூக்கிலிட்டவர்களின் தலைகளை நெடுஞ்சாலை ஓரம் நாட்டிவைத்திருக்க, காதலி கீழ் வீதியால் ஊருக்கு நடந்து போகிறாள். கலியாண வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை.

பாட்டு அச்சில் வந்தது 1841இல். தூக்குகள் நடந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. எடின்பரோத் தெருவில் ஒரு பொடியன் பாடக் கேட்டு லேடி ஜோன் ஸ்கொட் எடுத்து எழுதினா என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு முன்பே, 1822இல், நாலாம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு, தோற்றவர்களின் உடையான கில்ட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தோற்றவனால் இனி ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு அவனுக்காக உருகிப் பாடுவது சுகமான வேலை. ஆனால் மெட்டைக் கேட்டால் இந்தச் சந்தேகமெல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கும் யுத்தத்தால் மேல் வீதி அடைபட்ட காலம் இருந்தது. ஆனையிறவுத் தரைப்பாதை பூட்டு, ரயில் இல்லை. கிளாலியில் கடல்நீரேரியைக் கடக்க இரவில் வள்ளம் ஏறினவர்கள் இந்த மலரிலேயே எத்தனை பேர்! நானும் அப்படித்தான் வந்தேன். வள்ளத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தபோது நினைவில் வந்தது தேவாரமில்லை, இந்தப் பல்லவி. ஏனென்று கேட்காதீர்கள்.

சேர் போகவில்லை. 1995 இடப்பெயர்வில் தென்மராட்சி போய், திரும்பிவந்து, பென்சன் எடுத்து, மனைவி போன பிறகுதான் மகன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டுக்கொண்டார். ஸ்காபரோ நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்துப் பதிலைச் சொல்லியிருக்கலாம். கார்லைல் கல்லைப் பற்றிச் சொல்லியிருந்தால் கட்டாயம் மகிழ்ந்திருப்பார். எடுக்கவில்லை. டிப்போ என்று பேசுவாரோ என்ற பயமில்லை. "தம்பி, நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

சேர் இப்போது எங்கள் எல்லாருக்கும் முன்னே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். சாம்பல்தான் இன்னும் மகன் வீட்டில் இருக்கிறது. ஊரில், கீரிமலைக் கடலில் கரைக்கவேண்டுமாம். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவையும் ரிக்கெற் விலையையும் பார்த்து ஓகஸ்டில் போகிறார்களாம். நானும் வேலையில் லீவு கேட்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து ரயிலா பஸ்ஸா என்று மகன் என்னிடம்தான் கேட்கிறான். டிப்போ என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.