டேப் எந்த நொடியும் மூடப்படலாம்

லேபில் 40 கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, அதில் பெரிய அறிவியல் கணக்கு ஒன்றை ஓட்ட முடியுமா என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் கேட்பதுண்டு. முடியும்: கணக்கைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, சர்வர் ஒன்றிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பிரவுசருக்கும் அனுப்பி ஓட்டலாம். 1999 மே மாதம் தொடங்கி 2020 மார்ச் வரை பொதுமக்களின் கம்ப்யூட்டருக்கு வேற்றுலகச் சிக்னல் தேடும் வேலை அனுப்பிய செட்டி அட் ஹோமுக்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டியிருந்தது. கல்லூரி லேபில் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு அலைவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். பிரவுசர் என்றால் சுட்டியைத் திறந்தால் போதும். ஆனால் திறப்பது எவ்வளவு சுலபமோ, மூடுவதும் அவ்வளவு சுலபம்.

முதலில் கணக்கு இதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள். நம் ஊர் நிலத்தடி நீரையே எடுத்துக்கொள்வோம். ஃபுளோரைடு தொல்லையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பாறை வெடிப்புகளில் நீர் எந்த வேகத்தில் போகும் என்பது துல்லியமாகத் தெரியாது; அதனால் வேறு வேறு மதிப்புகளைப் போட்டுப் பல்லாயிரம் தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை. இப்படிப்பட்டது ஒத்துவரும். ஒவ்வொரு அடியிலும் பக்கத்துக் கட்டத்தின் விடை தேவைப்படும் ஒரே பெரிய மாதிரியைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்தால், நேரமெல்லாம் நெட்டில் காத்திருப்பதிலேயே போகும்.

ஒரு துண்டு வேலை இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். அரை மணி நேரத் துண்டு போட்டால் பாதிக்கு மேல் திரும்பியே வராது. பத்து நொடித் துண்டு போட்டால் சர்வர் மூச்சு முட்டும். 40 கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் செயலியின் நாலு கோரில் ஒன்றை விட்டுவிட்டு மூன்று வெப் வொர்க்கர் (பக்கத்துக்குப் பின்னால் தனியாக ஓடும் நிரல்) என்றால் மொத்தம் 120. இரண்டு நிமிடத் துண்டானால் நொடிக்கு ஒரு விடை வரும். விடை ஒவ்வொன்றும் 2 எம்பி என்றால் நொடிக்கு 16 மெகாபிட் அப்லோடு. லேப் லைன் அதைத் தாங்குவது சந்தேகம். அதனால் முழுக் கட்டத்தையும் அனுப்பாமல், சராசரி, அதிகபட்சம், எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று சில நூறு பைட்டாகச் சுருக்கி அனுப்புங்கள். போகிற வேலையும் அப்படித்தான்: துண்டு எண், சீடு எண் (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்), நாலைந்து மதிப்புகள் போதும்.

கணக்கை மெயின் பக்கத்தில் டைமர் வைத்து ஓட்டாதீர்கள். வேறு டேபுக்குத் தாவினாலே டைமர் நொடிக்கு ஒருமுறை என்று மந்தமாகும். குரோம் 88 முதல், ஐந்து நிமிடம் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறைதான். சுழற்சி, சர்வரிடம் கேட்பது, விடை அனுப்புவது எல்லாம் வொர்க்கருக்குள்ளேயே நடக்கட்டும். போன் வேறு கதை. திரை அணைந்தால் பக்கமே உறைந்துவிடும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

15 நொடிக்கு ஒருமுறை கணக்கின் நிலையை இண்டெக்ஸ்டு டிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) சேமியுங்கள். 200-க்கு 200 கட்டம், கட்டத்துக்கு 8 பைட் என்றால் 320 கேபிதான். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாவற்றையும் பழையபடி துடைத்துவிடும் மென்பொருள் போட்ட லேபில் இதுவும் காணாமல் போகும். அங்கே துண்டைச் சின்னதாக்குவது ஒன்றே வழி.

அதிகம் சறுக்குவது விடையைச் சரிபார்ப்பதில்தான். ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒப்பிடுவது வழக்கம். ஜாவாஸ்கிரிப்டின் சைன், எக்ஸ்பொனென்ஷியல் கடைசி இலக்கத்தில் பிரவுசருக்குப் பிரவுசர் மாறலாம். யாரும் ஏமாற்றாமலேயே விடை பொருந்தாது. சி அல்லது ரஸ்ட்டில் எழுதி, கணித நூலகத்தையும் சேர்த்தே வெப் அசெம்பிளியாக (பிரவுசரில் நேரடியாக ஓடும் நிரல் வடிவம்) மாற்றினால் பிட் பிசகாமல் வரும். அதில் ரிலாக்ஸ்டு சிம்டு என்ற வேக வசதியை மட்டும் தொடாதீர்கள், அதன் விடை கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறலாம். பிரவுசரின் ரேண்டம் எண் வசதிக்குச் சீடு கொடுக்க முடியாது, அதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரதியும் ஒரே கம்ப்யூட்டருக்குப் போகக்கூடாது என்று ஐபி (இணைய முகவரி) பார்த்துப் பிரிப்பார்கள். லேப் முழுக்க ஒரே வெளி ஐபி! இரண்டாவது பிரதி அங்கே யாருக்குமே கிடைக்காது. ஐபிக்கு இத்தனை வேண்டுகோள்தான் என்று வரம்பு வைத்திருந்தால் முப்பதாவது கம்ப்யூட்டரோடு லேபே நின்றுவிடும். ஒரு பிரதி லேபுக்கு, இன்னொன்று வெளியாருக்கு என்று பிரிப்பது நல்லது. விடை முன்பே தெரிந்த துண்டு சிலவற்றையும் நடுவில் கலந்துவிடுங்கள்.

பிரவுசரிலிருந்தே கிராஃபிக்ஸ் சிப்பில் கணக்குப் போடவிடும் வெப்ஜிபியு 2023-இல் குரோம் 113-உடன் வந்தது. அதில் அதிகத் துல்லியம் தரும் 64 பிட் தசமம் இல்லை, நீரோட்டக் கணக்குக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பட்டனை அழுத்திய பிறகுதான் ஓடத் தொடங்க வேண்டும். 2019-இல் மூடப்பட்ட காயின்ஹைவ் கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் பிரவுசரில் கிரிப்டோ நாணயம் தோண்டியதன் பலன், விளம்பரத் தடுப்பான்கள் இந்த மாதிரி நிரலையே சந்தேகத்தோடு பார்க்கின்றன.

கடைசியாக, கரண்ட். போய்த் திரும்பி வந்ததும் 40 கம்ப்யூட்டரும் ஒன்றாக எழுந்து, மாங்கூழ் ஆலை வாசலில் லாரி நிற்பதுபோல் சர்வர் வாசலில் நிற்கும். முதல் வேண்டுகோளுக்கு முன் 0 முதல் 60 நொடி வரை ஏதோ ஒரு தாமதம் வையுங்கள். தோற்றால் 2, 4, 8 நொடி என்று இரட்டிப்பாக்குங்கள். பத்து நிமிடத்தில் விடை வராத துண்டைச் சர்வர் வேறொருவருக்குக் கொடுத்துவிடட்டும். பழைய ஆள் தாமதமாக அனுப்பினாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும்.