முதலில் தூள், பிறகுதான் கருவி

எங்கள் பினாங்கு வீட்டுச் சமையலறையில் காப்பி போடுவதற்கென்று மூன்று சாமான்கள் இருக்கின்றன. முதலில் வாங்கியது மின்சார டிரிப் மெஷின், அடுத்தது மோக்கா பாட், கடைசியாக லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய எவர்சில்வர் ஃபில்டர். விலை இதே வரிசையில் இறங்கி வந்தது. பயன் ஏறி வந்தது. கருவியை முதலில் வாங்கிவிட்டு, அதில் என்ன தூள் போடுவது என்று பிறகு யோசித்ததுதான் நான் செய்த தவறு.

டிரிப் மெஷின் வந்த முதல் நாள் காலையில், வீட்டில் இருந்த கோப்பித்தியாம் (உள்ளூர்க் காப்பிக்கடை) வகைத் தூளை அதில் போட்டேன். இங்கே 'கோப்பி' என்று நாம் குடிப்பது, கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருகக் கருக வறுத்து, துணிப்பையில் வடித்து எடுப்பது. அந்தப் பொட்டலத்துத் தூள் மாவு போல இருந்தது. ஐந்தே நிமிடத்தில் காகித வடிகட்டியின் அடியில் அது சேறாகப் படிந்துவிட, மேலே விழுந்த வெந்நீர் இறங்க வழியில்லாமல் விளிம்பைத் தாண்டி வழிந்து, மேசை முழுவதும் கறுப்பாக ஓடியது. கொட்டைகளைச் சற்றுக் கரகரப்பாக, ஏறக்குறைய பொடிமணல் பதத்துக்கு அரைத்துப் போட்டால்தான் இந்த இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அப்படிப்பட்ட தூளை வாங்கி, அதில் வடித்ததை வழக்கம்போல் பால் ஊற்றிக் கொடுத்தபோது, அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்ப்பா, இது காப்பியா, காப்பி கழுவின தண்ணியா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டிரிப் மெஷினில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 கிராம் தூள் போடுவார்கள். அது பாலில்லாமல் குடிப்பதற்கான கணக்கு. பால் பாதிக்கு மேல் சேரும் நம் காப்பிக்கு அந்தச் சாறு தாக்குப்பிடிக்காது.

கெட்டியான சாறு வேண்டுமென்று மோக்கா பாட் வாங்கினேன். 1933-ஆம் ஆண்டு இத்தாலியில் பியாலெட்டியின் பட்டறையிலிருந்து வெளிவந்த வடிவம் அது. கீழ் அறையில் தண்ணீர் சூடாகும்போது உண்டாகும் அழுத்தம் அந்தத் தண்ணீரைத் தூளின் ஊடாக மேலே தள்ளும். எஸ்பிரெசோ இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் செய்வதை இது 2 பாருக்கும் குறைவான அழுத்தத்தில் செய்கிறது. ஆகவே இதில் வருவது எஸ்பிரெசோ அல்ல, ஆனாலும் பாலைத் தாங்கும். நான் வாங்கியது அலுமினியம். எங்கள் வீட்டில் இருப்பதோ இண்டக்‌ஷன் அடுப்பு, அதில் அலுமினியம் சூடாகவே ஆகாது. ஆகையால் வெளியூர்ப் பயணத்துக்காக வைத்திருந்த சின்ன கேஸ் அடுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய பிழை, அதில் சிக்கரி கலந்த தூளைப் போட்டது. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்த அந்த வேர் நனைந்ததும் பிசுபிசுவென்று நீரைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குத் தூளைக் கரண்டியால் அழுத்தியும் வைத்திருந்தேன். மேலே போக வழியில்லாத நீராவி ரப்பர் வளையத்தின் ஓரமாகச் சீறிக்கொண்டு வந்தபோது, அடுப்பை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றேன். மோக்கா பாட்டில் தண்ணீர் பாதுகாப்பு வால்வுக்குக் கீழேதான் நிற்க வேண்டும், தூளை அழுத்தக் கூடாது, சிக்கரி கூடவே கூடாது.

சிக்கரிக் காப்பிதான் வேண்டுமென்றால் அதற்கென்றே பிறந்தது ஃபில்டர். அவசரமில்லாமல் சொட்டுவதால், சிக்கரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே இங்கே நன்மையாகிவிடுகிறது; தண்ணீர் தூளோடு நெடுநேரம் ஊறுகிறது. மூன்று பேருக்கு நான் நான்கு மேசைக்கரண்டி தூள் போட்டு, குடை போன்ற தட்டால் லேசாகச் சமன்செய்து, கொதித்து அடங்கிய தண்ணீரை, 150 மில்லி இருக்கும், வட்டமாக ஊற்றி மூடிவிடுவேன். தூள் ஒருமுறை உப்பி, மேலே பழுப்பு நுரை கட்டி, பிறகு மெல்லத் தாழும். அதன்பின் கீழ்ப் பாத்திரத்தில் டக்... டக்... என்று சொட்டும் ஓசை கேட்கும். அந்த ஓசை முதல் நிமிடத்திலேயே படபடவென்று கேட்டால் தூள் கரகரப்பு என்று பொருள். பத்து நிமிடமாகியும் கேட்காவிட்டால் துளைகள் அடைத்துவிட்டன. அப்போது மேல் பாத்திரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எத்தனை துளைகள் குருடாகியிருக்கின்றன என்று தெரியும். பழைய வழக்கப்படி அடிப்பாகத்தை வெறும் தீயில் காட்டினால் அடைத்திருந்த தூள் எரிந்து உதிர்ந்துவிடும். அலுமினிய மோக்கா பாட்டுக்காக எடுத்த அதே கேஸ் அடுப்பு இதற்கும் உதவுகிறது.

இந்த ஊர் ஈரக்காற்றில் தூள் பொட்டலத்தைத் திறந்த மூன்றாம் நாளே கட்டி தட்டத் தொடங்கும். எந்தக் கருவியானாலும் இது பொது. ஆகவே கால் கிலோவுக்கு மேல் ஒரே முறையில் வாங்குவதில்லை. சிறு குப்பியில் அடைத்த தூளைப் போட்டு வடிக்கும் கேப்சூல் மெஷினைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஒரு வாய்க்கு ஆகும் செலவை மாதக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து மின்சாரச் சாமான் கொண்டுவருகிறவர்கள், மின்னழுத்தம் ஒத்துப்போனாலும் அந்த உருண்டைப் பின்கள் இங்குள்ள தட்டைத் துளைகளில் நுழையாது என்பதை நினைவில் வைத்தால் போதும். உள்ளூரில் வாங்கினால் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரிப் மெஷினை விற்றுவிட நினைத்திருந்த சமயத்தில், அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னார். காப்பியின் எண்ணெயில் உள்ள கெஃபெஸ்டால் என்னும் பொருள் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. உலோக ஃபில்டர் அதைப் பெருமளவு தடுக்காமல் காப்பிக்குள் விட்டுவிடும், காகிதம் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இப்போது அப்பாவுக்கு மட்டும் ஜொகூரில் விளையும் லிபெரிக்கா என்னும் வகைக் காப்பிக் கொட்டையைச் சர்க்கரை சேர்க்காமல் வறுத்த தூளாக வாங்கி, பாலில்லாமல் அந்த மெஷினில் வடிக்கிறேன். வடிந்த உடனே சூட்டுத்தட்டை அணைத்து பிளாஸ்கில் ஊற்றிவிட வேண்டும். தட்டின் மேலேயே விட்டால் அரைமணி நேரத்தில் கசப்பேறிவிடும். பலாப்பழ வாசனை அடிக்கிறது என்று சொல்லி அப்பா இரண்டாவது குவளையும் கேட்கிறார். அம்மா அந்தப் பக்கமே திரும்புவதில்லை.