கணக்குக்கு முன்னால் ஓர் ஊகம்

பேராதனைப் பொறியியற் பீடத்தில் எங்களுக்கு மண் பொறிமுறை (சுமைக்கு மண் எப்படி நடந்துகொள்ளும் என்ற பாடம்) கற்பித்த சேர், கரும்பலகையில் எழுதுவார், எழுதிய கையோடு திரும்பி நின்று, "இது எங்கே பொய்க்கும்?" என்று கேட்பார். பதில் வராவிட்டால் அடுத்த வரிக்கு நகரமாட்டார். பாடத்திட்டத்தின் கடைசி அத்தியாயங்களை மூத்த மாணவர்கள் நடத்திய குப்பி வகுப்புகளில்தான் படித்து முடித்தோம். அவருக்கு அதில் கவலையே இல்லை. "புத்தகத்தில் இருப்பதை நீங்களே வாசிக்கலாம், அதற்கு நான் எதற்கு?" என்பார். பரீட்சை நெருங்கும்போது அவர்மேல் எங்களுக்குக் கோபம் வரும். அதில் நியாயமும் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவரது கற்பித்தல் கொள்கை என்னவென்று அறிய ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். ஈரக் களிமண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து, கையால் திரியாக உருட்டுவோம். 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு வரும்போது திரி வெடித்து உதிர வேண்டும். அந்த நேரத்து ஈரப்பதம்தான் நாங்கள் தேடும் அளவு: களிமண் குழைவை இழக்கும் எல்லை. மண்ணை உலர்த்தி நிறுப்பதற்கு முன்னரே, அதில் எத்தனை வீதம் நீர் இருக்கும் என்று கொப்பியில் ஊகித்து எழுதச் சொல்வார். ஊகம் பிழைத்தால் புள்ளி குறையாது. ஏன் பிழைத்தது என்று எழுதாவிட்டால் குறையும்.

உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைகளுக்குள் வந்து விழுந்தவர்கள் நாங்கள். சிங்கள நண்பர்களின் பாடும் அதுவே. "முதலில் உங்கள் மொழியில் சொல்லுங்கள், ஆங்கிலம் பிறகு வரட்டும்" என்பார். வாய் திறக்காதிருந்த பலர் அப்படித்தான் பேசத் தொடங்கினார்கள்.

களிமண்ணின் நடத்தை பற்றி 1963இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து கேம்பிரிட்ஜ் ஆய்வுக் கட்டுரையை எழுதிய அழகையா துரைராஜா எங்கள் பீடத்தில் கற்பித்தவர். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவர் பெயரைச் சொல்லும்போது சேரின் குரலில் பெருமை தெரியும். ஆனால் அந்தக் கட்டுரையின் கோட்பாட்டையும் சேர் விட்டுவைக்கவில்லை: "இதுவும் எங்கே பொய்க்கும்?"

விடையை நான் கனடாவில் கண்டேன். ஒட்டாவாப் பக்கத்து லீடா களிமண் குலைந்தால் குழம்பாக ஓடும். பிசைந்து தயாரித்த களியை வைத்து எழுந்த கோட்பாடு அதற்கு அப்படியே பொருந்தாது. அந்தக் களிமண்மேல் இருந்த லெமியூ என்ற சிற்றூரின் நிலம் ஆபத்தானது என்று கண்டு, 1991க்குள் மக்களை வேறிடத்தில் குடியேற்றினார்கள். 1993இல் அவ்வூரை ஒட்டிய நிலம் ஆற்றுக்குள் சரிந்தது.

இளம் பொறியியலாளர்கள் கணினி தந்த விடையோடு என் மேசைக்கு வருகிறார்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் ஊகத்தைச் சொல்லச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் இப்போது ஊகத்தை முன்கூட்டியே ஓரத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவற்றில் எது விடையைப் பார்த்த பிறகு எழுதியது என்று கண்டுபிடிப்பது எளிது. அது மட்டும் தசம தானம்வரை சரியாக இருக்கும்.