மார்மைட்டும் கோஷா ஆஸ்பத்திரியும்

கருவுற்ற பெண்களுக்கு இன்று வழக்கமாகக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையின் கதை, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரிடம் தொடங்குகிறது. 1928-இல் பம்பாய்க்கு வந்த அவர், பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் வாட்டிய, பல வேளைகளில் உயிரையே பறித்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்கள் உண்ட உணவிலேயே காரணம் இருக்கக்கூடும் என்று கருதி, அதையொத்த உணவை எலிகளுக்கும் பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்தார். நோயைக் குணப்படுத்தியது விலையுயர்ந்த மருந்து எதுவுமல்ல. ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறுதான். அம்முடிவுகள் 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின.

அவரது ஆய்வு பம்பாயோடு நிற்கவில்லை. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியிருந்தாலும் சென்னைவாசிகள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் அவர் பணியாற்றியிருக்கிறார். அந்த வழியாக எத்தனையோ முறை சென்றிருந்தும், இதை நான் தாமதமாகவே அறிந்துகொண்டேன் என்பதில் எனக்குச் சற்று வெட்கம் உண்டு.

ஈஸ்ட் சாற்றில் இருந்த அந்தப் பொருள் என்னவென்று தெரியாத காலத்தில் அதனை ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தனர். 1941-இல் பசலைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டதால், வில்ஸின் பெயர் வழக்கிலிருந்து மறைந்துபோயிற்று.