கோழி கிளறிய குப்பை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டினால் செம்மண் சரளைதான். மழை பெய்கிற நேரத்துக்கு ஈரம் இருக்கும். வெயில் வந்துவிட்டால் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் கணீர் என்கிறது. இந்த மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்கு, அதாவது மக்கிய குப்பைதான் முதல் தேவை, மற்ற உரமெல்லாம் அப்புறம். அதற்காகவே கோழிக்கூட்டையும் குப்பையையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்தேன்.

கோழிகள் பகலில் உலாவும் இடத்தில் வேப்பஞ்சருகு, மாஞ்சருகு, வைக்கோல் கூளம் எல்லாவற்றையும் அரையடி உயரத்துக்குப் பரப்பியிருக்கிறேன். சமையலறைக் கழிவும் அதன்மேல்தான் விழுகிறது. நம் ஊர்க் குழம்பின் காரம் கோழிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று உறவினர் ஒருவர் கவலைப்பட்டார். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைப்பதே இல்லை; உப்புதான் ஆகாது. ஆகவே ஊறுகாயும் கருவாடும் அந்தப் பக்கம் போவதில்லை. பூஞ்சை பிடித்த கடலைத் தொலியும் அப்படியே. காரம் உறைக்காததில் ஒரு வினையும் உண்டு. வேலியில் சிறு சந்து கிடைத்தால் போதும், செடியில் பழுத்த மிளகாய் ஒன்றுகூட மிஞ்சாது.

கோழியை விட்டால் குப்பை தானாக மக்கிவிடும் என்கிறார்கள். பாதிதான் உண்மை. கோழி குப்பையைப் பொடியாக்கும், எச்சத்தைக் கலந்துவிடும், அதோடு நாலாபுறமும் இறைத்தும் விடும். பரந்து கிடக்கும் குப்பையில் சூடு ஏறாது. எச்சத்தில் தழைச்சத்து அதிகம் என்பதால் பச்சையாக வேரில் போட்டால் செடி கருகும். எனவே கிளறி முடித்த கூளத்தை அள்ளி, கோழிக்கு எட்டாத இடத்தில் மூன்றடி நீள அகலத்துக்கு, அதே உயரத்துக்குக் குவித்து, தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடுகிறேன். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாட்களாவது நின்றால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். குவியலில் கடப்பாரையைச் செருகி வைத்து உருவும்போது முனையைப் பிடிக்க முடியாமல் கை சுட்டால் எனக்குத் திருப்தி. மூக்கை அரிக்கும் நெடி வந்தால் எச்சம் கூடிவிட்டது என்று பொருள். சருகைக் கலந்து புரட்டிவிட்டால் அடங்கிவிடும்.

இனி பாத்திகள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது. கீரை நாற்று சாகும். "தம்பி, ஒன்று கோழி வளருங்கள், இல்லை கீரை போடுங்கள்" என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லிப் பார்த்தார்கள். கீரைப் பாத்தியைச் சுற்றிச் சீமைக்கருவேல் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறேன். கத்தரி, வெண்டைக்கு முள் வேண்டாம். பழைய கூரையிலிருந்து இறக்கிய நாட்டு ஓட்டுச் சில்லுகளைத் தண்டைச் சுற்றி நெருக்கமாகப் படுக்கவைத்தால் கோழியின் கால் நகம் ஓட்டில் சறுக்குகிறது. இரண்டு முறை பிறாண்டிப் பார்த்துவிட்டு அதுவாகவே நகர்ந்துவிடும். ஓட்டுக்கு அடியில் ஈரமும் நிற்கிறது. செட்டிநாட்டில் உடைந்த ஓட்டுக்குப் பஞ்சமா என்ன!

பஞ்சாரம் என்கிற கவிழ்த்த கூடைக்குள் இருக்கும் குஞ்சுகளுக்குக் கரையான் கொடுக்கிறேன். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலை பானை நிறையக் கரையான். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இந்த ஆடிப்பட்டத்துக்குப் போட்ட அவரையும் கொத்தவரையும் மக்கு போட்ட பாத்தியில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடவில்லை. மக்கு போடாத ஓரப் பாத்தி மதியமே துவண்டுவிடுகிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் கோழிக்கூட்டின் கூரையைச் சரிசெய்ய வேண்டும். கூளம் நனைந்தே கிடந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். அடியில் மாற்றிப் போட உமிக்கு ரைஸ் மில்லில் சொல்லி வைத்திருக்கிறேன்.