விடுதிக்கு வாற புதுப் பிள்ளையளுக்கு

வட்டுக்கோட்டையில 1823இல செமினரி தொடங்கி, 1855இல மூடி, 1872இல யாழ்ப்பாணக் கல்லூரியா எழும்பின கதையை முதல் கிழமையே சொல்லித் தருவினம். கிணத்துத் தண்ணியைப் பற்றி ஒருத்தரும் சொல்லாயினம்.

இது சுண்ணாம்புக்கல் நிலம். தண்ணியில கல்சியம் கூட. சவுக்காரம் நுரைக்கேல்லை எண்டு இன்னும் போட்டுத் தேய்க்காதேங்கோ. கல்சியமும் சவுக்காரமும் திரண்டு துணியிலதான் படியும், ஆராதனைக்குப் போடுற வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாப் போகும். வெள்ளைக்குச் சலவைத்தூள்தான் சரி.

கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படிஞ்சால் சுரண்ட வேண்டாம். அது மூடுற அளவுக்குத் தண்ணி விட்டு, ரெண்டு தேசிக்காய் பிழிஞ்சு கொதிக்க வையுங்கோ. அரை மணித்தியாலம் விட்டுக் கழுவினால் கழண்டு வரும்.

வாளியில பேரைப் பெயின்டால எழுதுங்கோ. மார்க்கர் நிக்காது, வாளியும் நிக்காது.