எம்.எல்.ஏ. இடம் காலியானால் கவுன்சிலரை நியமிக்க முடியுமா?

முடியாது. எம்.எல்.ஏ. ஒருவர் இறந்துவிட்டாலோ ராஜினாமா செய்தாலோ, "அந்த இடத்தை நம்ம வார்டு கவுன்சிலருக்குக் கொடுத்துடுவாங்களாம்" என்று பேச்சு கிளம்பிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காலியிடத்துக்கு ஆளை நியமிக்கும் வழக்கம் உண்டு. கட்சி மூன்று பெயர் கொடுக்கும், கவுன்ட்டி (நம்ம மாவட்டம் போன்றது) நிர்வாகம் அதில் ஒருவரை நியமிக்கும். இங்கே கட்சித் தலைமை சீட்டுதான் கொடுக்க முடியும். சென்னை மேயராக இருந்த மா.சுப்பிரமணியனும் 2016இல் சைதாப்பேட்டையில் ஓட்டு வாங்கித்தான் சட்டமன்றத்துக்குப் போனார்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ பிரிவின்படி, இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். விலக்கு இரண்டு. இடத்தைக் காலி செய்த உறுப்பினரின் பதவிக்காலத்தில் மீதி ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் தேவையில்லை. குறித்த காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் தள்ளிப்போகும்.

2020இல் சென்னை இரண்டு காலியிடங்களைப் பார்த்தது. திருவொற்றியூர் எம்.எல்.ஏ. கே.பி.பி.சாமி பிப்ரவரியில் இறந்தார். ஒரு வருடத்துக்கு மேல் மீதி இருந்தும், கொரோனா காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஜெ.அன்பழகன் ஜூன் 10இல் இறந்தபோது மீதி ஒரு வருடத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு தொகுதிக்கும் 2021 பொதுத்தேர்தல் வரை ஆள் இல்லை. தெருவிளக்குக்குக் கவுன்சிலரிடம் போகலாம். அரசு மருத்துவமனைக்கு நிதி ஏன் வரவில்லை என்று சட்டமன்றத்தில் கேட்பது யார்? ஒரு வருடம் என்ற அந்த வரம்பு மிக அதிகம். அதை ஆறு மாதமாகக் குறைக்க வேண்டும்.

இடைத்தேர்தலில் நிற்கும் கவுன்சிலர் சறுக்குவது பெரும்பாலும் வேட்புமனுவில்தான். அறிவிக்கை வந்த ஏழாம் நாள் மனுத்தாக்கல் முடியும், மறுநாள் பரிசீலனை. வயது 25 ஆகியிருக்க வேண்டும். வேட்பாளருக்குத் தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் போதும். முன்மொழிபவருக்கு, வேட்பாளர் போட்டியிடும் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 5,000. சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் "இல்லை" என்றாவது எழுதுங்கள். மனு கொடுத்த கையோடு, அரசியலமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளன்று எடுத்தால் செல்லாது.

சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சியின் வேட்பாளருக்கும் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். 2017 ஆர்.கே.நகரில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இதில்தான்: முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். ஒருவர் நான்கு மனு வரை போடலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்களை வையுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். ஆனால் இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தெரிவிக்கும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். அவற்றில் பேனா மையால் போட்ட கையெழுத்துதான் செல்லும், ஸ்கேன் எடுத்தது ஆகாது. தாமதமானால் சின்னம் போய்விடும். கட்சி வேட்பாளர் என்ற தகுதியும் போய்விடுவதால், ஒருவர் மட்டும் முன்மொழிந்த மனுவும் தள்ளுபடியாகும்.